தாடையில் வைத்த கிட்டார்

பிப். 3, செவ்வாய்

காலையில் ஒரே பனி. எதிர் மாடி தெரியவில்லை. நேற்றுத் துவைத்தது இன்னும் ஈரம்.

வாங்க: முதல் தந்தி ஒரு செட். காபித்தூள். நிவேதாவுக்குக் கால் வைக்க ஒரு ஸ்டூல். ஒன்பது வயது, கால் தரையில் எட்டவில்லை. கிட்டாரை அவள் பிடித்திருக்கிறாளா, கிட்டார் அவளைப் பிடித்திருக்கிறதா தெரியவில்லை.

கா. 7 வெங்கடேசன் சார். ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர், 68 வயது. விரல் வலித்தால் சொல்ல மாட்டார், தண்ணீர் கேட்பார். இன்று நாலு டம்ளர்.

மா. 4 தேவராஜ் அண்ணன். ரோலிங் மில்லில் காலை ஷிஃப்ட் முடித்து நேராக வந்துவிட்டார், சட்டையெல்லாம் இரும்பு வாசனை. எட்டு மாதமாகக் கற்கிறார். ஒரே மீட்டில் பல தந்திகள் சேர்ந்து ஒலிக்கிற ஜி, சி கார்டுகள் இரண்டும் சுத்தம். டி கார்டில் மட்டும் முதல் தந்தி செத்துக் கிடக்கிறது. பக்கத்து விரல் பட்டு அமுங்கி, 'டப்' என்று ஒரு சத்தம். வாரக்கணக்கில் இதே கதை. இன்று பொறுமை போய்விட்டது.

"அண்ணே, அந்தத் தந்தி பேசவே இல்ல. உங்களுக்கே தெரியலையா?"

"பேசுது மிஸ்."

"எங்க பேசுது?"

விரல் நுனியைக் காட்டினார். தந்தி பதிந்து பள்ளம். "இதுக்கு மேல அமுத்துனா வெரலு அறுந்துடும் மிஸ்."

வீட்டில் தொடுவதே இல்லை, நம்மிடம் கதை விடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஐம்பது வயது ஆளை எப்படித் திட்டுவது? முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதோடு சரி.

கீழ் வீட்டு ஓனரம்மா மாடிப்படியில் பிடித்துக்கொண்டார். "ஒவ்வொருத்தரா வச்சிகினு இன்னாத்துக்குமா இந்த பேஜாரு? பத்து பேர ஒண்ணா உக்கார வச்சி ஒரே பேட்ச்சா முடிச்சுடு." சிரித்து வைத்தேன். வாரம் ஒரு தடவை இது.

பிப். 5, வியாழன்

கரண்ட் கட், பராமரிப்பாம். மாலை வரை வரவில்லை.

தேவராஜ் அண்ணன் வகுப்பின் நடுவில் இன்வெர்ட்டர் பேட்டரி தீர்ந்து கத்த ஆரம்பித்தது. கீ கீ கீ என்று காதைக் குடைகிற சத்தம். தெருநாய் கூடக் குரைத்தது. அண்ணன் பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருக்கிறார், முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

எழுந்து போய் அணைத்துவிட்டு வந்தேன். "மண்டையைப் பிளக்குதுல்ல?" என்றேன்.

"எது மிஸ்?"

"இன்வெர்ட்டர் சத்தம்."

"இன்னா சத்தம்?"

விளையாடுகிறார் என்று திரும்பப் போட்டுக் காட்டினேன். என் முகத்தையும் அந்தப் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டார்.

கீச்சுச் சத்தங்கள் போய்விட்டன அவருக்கு, முதல் தந்தியின் சத்தமும் சேர்த்து. மில் சத்தத்தில் அத்தனை வருஷம். முன்னெல்லாம் காதுக்கு அடைப்பான் போடச் சொல்வார் யாருமில்லை, பிறகு சொன்னபோது இவர் பாக்கெட்டில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். டாக்டரிடம் போனீர்களா என்றேன். "போயாச்சி. போனது போனதுதானாம். எடது காது கொஞ்சம் தேவலையாம். மிச்சத்த காப்பாத்திக்கச் சொல்லிட்டாங்கோ."

அதாவது எட்டு மாதமாக அந்தத் தந்தி உயிரோடிருக்கிறதா செத்ததா என்று தெரியாமலே அழுத்தியிருக்கிறார். விரல் பள்ளமாகும் வரை.

"வுட்டுடலாமா மிஸ்? உங்க நேரமும் வேஸ்ட்டு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவர் மேல் இல்லை. "நாளைக்கும் வாங்க" என்று மட்டும் சொன்னேன்.

பத்துப் பேர் பேட்ச்சில் உட்கார்ந்திருந்தால் இது எனக்குத் தெரிந்திருக்குமா? ஓனரம்மாவிடம் சொல்ல வேண்டும். சொன்னால் புரியாது. இருந்தாலும் சொல்ல வேண்டும்.

பிப். 6, வெள்ளி

இந்த வீடு தண்டவாளத்துக்குப் பக்கத்தில். கூட்ஸ் போகும்போது நான் வாசிப்பது எனக்கே கேட்காது. அப்போதெல்லாம் குனிந்து, கிட்டாரின் மேல் வளைவில் தாடையை வைத்துக்கொள்வேன். மரம் அதிர்வது எலும்பு வழியாக உள்ளே வந்துவிடும். பழக்கதோஷம், யோசித்ததே இல்லை. இன்று காலை பல் தேய்க்கும்போது யோசித்தேன்.

அண்ணனைத் தாடையை வைக்கச் சொன்னேன். கூச்சப்பட்டார். வைத்தார். முதல் தந்தியை நான் மீட்டினேன். பிறகு அதையே பக்கத்தில் விரல் வைத்துச் சாகடித்து மீட்டினேன்.

சட்டென்று நிமிர்ந்தார். "ரெண்டும் வேற மிஸ்!"

"ஆமா அண்ணே."

"ஒண்ணு ஓடுது, ஒண்ணு நின்னுடுது."

அரை மணி நேரம் தானே தேடினார். விரலைக் கொஞ்சம் நிமிர்த்துவார், தாடையை வைப்பார், உதட்டைப் பிதுக்குவார், திரும்ப நகர்த்துவார். வகுப்பு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது டி கார்டு முழுசாக வந்தது. சுத்தமாக.

இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ வாசித்துக் கேட்டிருக்கிறேன். ஒரு டி கார்டுக்கு எனக்கு மயிர்க்கூச்செறிந்தது இன்றுதான். பெருமைதான். இங்கே எழுதாமல் வேறெங்கே எழுதுவது?

காபித்தூள் மறந்துவிட்டேன்.

பிப். 10, செவ்வாய்

வெயில் ஆரம்பித்துவிட்டது.

அண்ணன் தன் மனைவி எஸ்தர் அக்காவுடன் வந்தார். வரும் ஞாயிறு அவர்கள் ஊர் சர்ச் சபையில் அறுப்பின் பண்டிகை, விளைச்சலைக் காணிக்கையாகப் படைக்கும் நாள். ஆரணி போகும் வழியில் சின்ன ஊர். கீபோர்டு வாசித்தவர் வேலை மாறி ஒரகடம் பக்கம் போய்விட்டாராம். பாட்டுக்கு வேறு கருவி இல்லை. அண்ணன் தானாகப் பேர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்!

அக்காதான் அங்கே பாட்டெடுப்பவர். அவர் முதல் வரியைத் தொடங்கினால் சபை தொடரும். என்ன குரல்! இந்த அறைக்குள் அடங்கவில்லை. ஆனால் மூன்று தடவை பாடச் சொன்னேன், மூன்று தடவையும் மூன்று சுருதி. அக்காவின் வாய்க்கு அன்றைக்கு எது வருகிறதோ அதுதான் சுருதி. கீபோர்டில் ஒரு பட்டனைத் தட்டினால் சுருதி மாறிவிடும், அவர் சமாளித்திருப்பார். நல்ல காது இருப்பவரென்றால் கிட்டாரிலும் தேடிப் பிடிக்கலாம். அண்ணனுக்குக் கூட்டத்தின் நடுவில் அது முடியாது.

ஒரே வழிதான். அண்ணன் முதலில் ஒரு தந்தியை மீட்ட வேண்டும், அதை வாங்கிக்கொண்டு அக்கா பாட வேண்டும். சொன்னேன். அக்கா எழுந்துவிட்டார்.

"இருவத்தஞ்சு வருசமா நான் வாயத் தொறந்தா சபையே எய்ந்து பாடும். இப்ப இவுரு கிட்ட கேட்டுகினு நான் பாடணுமா? போனாப் போதுன்னு நிக்க உட்டா பாட்டையே இவுருதான் எடுப்பாராமா?"

செருப்பைப் போட்டுக்கொண்டு கீழே போய்விட்டார். மாடிப்படி முழுக்க சத்தம்.

அண்ணன் கிட்டாரை உறையில் போட்டார். நிதானமாக. "அவ எடுக்கட்டும் மிஸ். எனக்கு எட்டுனா வாசிக்கிறேன். எட்டலன்னா சும்மா புடிச்சிகினு நிக்கிறேன்."

"ஏன் அண்ணே பேர் கொடுத்தீங்க?"

"நான் எப்பவும் கடைசி வரிசை. அவ பாடறது இப்ப அங்க பாதிகூட வர்ல. காது இருக்கும்போதே ஒரு தபா பக்கத்துல நின்னு கேட்டுக்கலாம்னு."

"அக்காகிட்ட இதைச் சொன்னீங்களா?"

"எப்டி மிஸ் சொல்றது?"

பிப். 12, வியாழன்

நிவேதாவின் ஸ்டூல் வந்துவிட்டது. கால் எட்டுகிறது.

மத்தியானம் எஸ்தர் அக்காவுக்கு போன் செய்தேன். அண்ணன் சொன்னதை அப்படியே சொன்னேன். என் வேலையா இது? இல்லை. தலையிடாதே என்று யாராவது சொன்னால் எனக்கு இன்னும் வேகம் வரும்.

கடைசி வரை கேட்டுக்கொண்டார். அப்புறம், "சோறு வடிக்கணும், வச்சிடறேன்" என்று வைத்துவிட்டார்.

பிப். 13, வெள்ளி

பாட்டு ஆரம்பம் முதல் கடைசி வரை ஆறு தடவை. அண்ணன் ஒரு இடத்தில்கூடத் தடுக்கவில்லை. அக்கா எப்படித் தொடங்குவார் என்று அவருக்கும் தெரியாது. வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே இல்லையாம். "நீங்களும் வாங்க மிஸ்" என்றார். வருகிறேன் என்றேன்.

பிப். 15, ஞாயிறு

கா. 8 பஸ். நல்ல கூட்டம். நின்றுகொண்டே போனேன்.

ஓட்டுக் கூரை போட்ட சின்னக் கோயில். கம்பத்தில் கரும்பு, வாழை. ஊரில் பாதிப் பேருக்கு நிலம் கிடையாது, எல்லாரும் கம்பெனி வேலை. ஆனாலும் காணிக்கை குவிந்திருந்தது: மார்க்கெட்டில் வாங்கிய பூசணி, காலிஃபிளவர், அரிசி மூட்டை, கால் கட்டிய இரண்டு சேவல். பெண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்தேன்.

முன்னால் அக்கா, பட்டுப்புடவை. அவர் பக்கத்தில் அண்ணன், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கழுத்தில் என் பழைய ஸ்ட்ராப். கடைசி வரிசை ஆண்கள் தங்களுக்குள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். எனக்கு அங்கேயே எழுந்து போய்ச் சண்டை போடத் தோன்றியது.

பாதிரியார் ஐயர் தலையசைத்தார். அக்கா வாயைத் திறந்தார், எப்போதும்போல. யாரையும் பார்க்கவில்லை. இருபத்தைந்து வருஷப் பழக்கம். சபை எழுந்து பின்னாலேயே வந்துவிட்டது. அண்ணன் கை தந்தியில் விழுந்தது, குரலும் கிட்டாரும் ஒட்டவே இல்லை. இன்னொரு தடவை போட்டார். ஒட்டவில்லை. கையை எடுத்துவிட்டார். கிட்டாரைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார், சொன்னபடியே.

இரண்டாவது வரியில் அக்கா பாட்டை நிறுத்தினார்.

சபை தொடர்ந்து பாடிக்கொண்டே போனது. அக்கா மைக்கைக் கையில் எடுத்தார். "எல்லாரும் நிறுத்துங்க. நான் தப்பா எடுத்துட்டேன்."

பாட்டு அங்கங்கே அறுந்து நின்றது. சேவல் மட்டும் கத்தியது. அந்த ஊரில் அக்கா தப்பென்று யாரும் சொன்னதில்லை போலிருக்கிறது, அவரே சொல்லிக்கொண்டதும் இல்லை.

அண்ணன் பக்கம் திரும்பினார். மைக்கைக் கீழே இறக்கி, அவருடைய நல்ல காதுப் பக்கமாக நகர்ந்து வந்து நின்றார்.

"நீ குடு. நான் வாங்கிக்கிறேன்."

அண்ணன் குனிந்து தாடையை வைத்தார். மீட்டினார். அக்கா கண்ணை மூடிக் கேட்டார். தலையாட்டினார். அதே சுருதியில் பாடினார்.

பக்கத்தில் நின்றிருந்த அம்மா யாரென்றே எனக்குத் தெரியாது. அவர் கையைப் பிடித்து, "நான்தான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன்" என்றேன். அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. பாட்டு முடிந்ததும் இன்னொரு தடவை சொன்னேன்.