சுவரில் ஏறிய தண்ணீர்

மே 6

சீசன் முடிகிற நேரம். மதியம் மூன்றே மேசை. அதில் ஒன்றில் ஒரு சூப்பை வாங்கி மூன்று பேர் பங்கு போட்டுக் குடித்தார்கள். அதற்காக நான் கதை சொல்லாமல் விட்டுவிடுவேனா? அவர்களைச் சுவரோரம் அழைத்துப்போய், என் தலைக்கு மேல் இரண்டு விரல் உயரத்தில் இருக்கும் கறுப்புக் கோட்டைத் தொட்டுக் காட்டினேன்.

"பெரிய புயல்ல கடல் இதுவரைக்கும் வந்துச்சு. எங்க மேசை ஒண்ணு கடலோட போயிட்டு, மூணாம் நாள் அதுவா திரும்பி வந்துச்சு. நீங்க சூப்பு குடிக்கிறது அதுலதான்."

மூவரும் மேசையைத் தடவிப் பார்த்தார்கள். படம் எடுத்துக்கொண்டார்கள். அடுக்களையில் அக்கா கரண்டியை டங்கென்று வைத்தாள். என் கதை பற்றி அவளுடைய கருத்து அது.

மேசை நாலு வருஷத்துக்கு முன்னால் மரக்கடையில் வாங்கியது. இங்கே மட்டும் எழுதிவைக்கிறேன்.

மே 9

இந்தத் தீவுக்குச் சரித்திரம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. யாரும் படையெடுத்து வரவில்லை. வந்திருந்தால் திரும்பிப் போகப் படகு கிடைத்திருக்காது. ஆனால் வருகிற விருந்தாளிகள் மணலைப் பார்த்து முடித்ததும் "இங்கே என்ன நடந்தது?" என்று கேட்கிறார்கள். ஒன்றும் நடக்கவில்லை, சாப்பிடுங்கள் என்று எப்படிச் சொல்வது? ஆகவே ஆளுக்குக் கொஞ்சம் நாங்களே நடத்திவிட்டோம்.

எதிரே தொப்பிக்கடை அண்ணன் வாசலில் ஒரு நங்கூரம் போட்டு வைத்திருக்கிறார். பெரிய வெள்ளத்தில் மிதந்து வந்து அங்கே விழுந்ததாம். பழைய இரும்புக் கடையிலிருந்து அதைத் தூக்கிவர ஒரு பக்கம் பிடித்தவனே நான்தான். நங்கூரம் எப்படி மிதக்கும் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. என் வெள்ளத்தில் அவர் பிழைப்பும் ஓடுகிறது.

மே 17

கடலோரப் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து பதிவுத் தபால். தீவு முழுவதற்கும் அபாய வரைபடம் போட்டார்களாம். படகுத்துறைத் தெருவில் முன்பு ஆறடி உயரத்துக்குக் கடல் ஏறியதற்குச் சான்று இருப்பதால், ஆட்கள் கூட்டமாக உட்காரும் இடம் எதுவும் இங்கே நடத்தக் கூடாதாம். சாமான் விற்கும் கடைகளுக்குத் தடையில்லை. தெருவில் ஆட்கள் உட்காரும் இடம் எங்களுடையது ஒன்றுதான். அறுபது நாளில் மூட வேண்டும்.

என்ன சான்று என்று கடைசித் தாளைப் புரட்டினேன். ஒரு படம். கோட்டுக்குப் பக்கத்தில் நின்று, அதைத் தொட்டுக்கொண்டு, முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிக்கிற ஒரு முட்டாள். சட்டையைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. என் சட்டை.

மே 18

அக்கா பேசவில்லை. கரண்டியும் பேசவில்லை.

மே 21

படகேறி அலுவலகத்துக்குப் போனேன். வரைபடம் போட்ட இன்ஜினியரம்மாவைப் பார்த்ததுமே யாரென்று தெரிந்துகொண்டேன். ஜனவரியில் மூலை மேசையில் வறுத்த மீன் சாப்பிட்டவர். கதையை இரண்டாம் முறை சொல்லச் சொல்லிக் கேட்டவர். அன்றைக்கு எனக்கு எவ்வளவு பெருமை!

"மேடம், அந்தக் கோடு நான் போட்டது. வெள்ளம் அவ்வளவு வரல. நான் சும்மா விட்ட கதை அது."

அவர் பேனாவை மூடினார். "நோட்டீஸ் போன எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க சார். போன வாரம் ஒருத்தர் வந்து, எங்க வீட்டுப் பக்கம் கடலே இல்லைன்னார்."

"நிஜமாவே புளுகினேன் மேடம்!"

"அன்னிக்கு அவ்வளவு விவரமா சொன்னீங்களே. மேசை திரும்பி வந்துச்சுன்னு சொல்லும்போது உங்க கண்ணு கலங்குச்சு."

கலங்கியது உண்மை. வெங்காயம் நறுக்கிவிட்டு நேரே வந்திருந்தேன். அதைச் சொன்னால் அதையும் நம்ப மாட்டார். வாழ்நாள் முழுக்கப் புளுகியபோது ஊரே நம்பியது. ஒரு நாள் உண்மை சொன்னேன், நாற்காலியில் உட்காரக்கூடச் சொல்லவில்லை. அக்கம்பக்கத்தார் யாராவது எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம் என்றார்.

மே 22

தொப்பிக்கடை அண்ணனிடம் கையெழுத்துக் கேட்டேன். புயலன்று வெள்ளம் கணுக்காலைத் தாண்டவில்லை என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

"என்னய்யா பேசறே? ஆறடி வந்துச்சு. எங்கப்பா என்னைத் தோள்ல தூக்கிட்டு நீந்தினாரு."

"அண்ணே, அந்தக் கதையை நான் சொல்லித்தானே உங்களுக்கே தெரியும்? நங்கூரத்தை நாம ரெண்டு பேரும்தானே தூக்கிட்டு வந்தோம்?"

அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். பிறகு தலையை ஆட்டினார். "நங்கூரம் வேற விஷயம். தண்ணி எனக்கு ஞாபகம் இருக்கு. நீ அப்ப பொறக்கவே இல்ல. சும்மா இரு."

இன்னும் நாலு வீடு ஏறி இறங்கினேன். ஒருவர் விடாமல் எல்லாரும் மூழ்கியிருக்கிறார்கள். தெரு முழுக்க வெள்ளம் வடிய மாட்டேன் என்கிறது. நான் இவ்வளவு நன்றாகக் கதை சொல்வேன் என்று எனக்கே தெரியாது.

மே 26

இன்று அக்கா அழுதாள்.

பெரிய பானையைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு, அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நாப்பத்திரண்டு வருஷம் இந்த அடுப்புக்கு முன்னாடி நின்னேன்டா. வந்தவங்க எல்லாம் உன் கதையைப் படம் புடிச்சுட்டுப் போனாங்க. என் மீனைப் பத்தி ஒருத்தர் கேட்டாங்களா? அதைக்கூட நான் ஒண்ணும் சொல்லல. இப்ப அடுப்பையும் உன் கதைக்கே குடுத்துட்டியே."

பதில் சொல்ல வாய் வரவில்லை. வரக்கூடாத நேரத்தில் எல்லாம் வரும், இப்ப வராது. என்ன பண்ணித் தொலைச்சேன் நான்? அறுபத்தொரு வயசுல அவ எங்க போவா? வேற எங்க போய் அடுப்பு மூட்டுவா? அவளுக்கு வேற என்ன தெரியும், எனக்குத்தான் வேற என்ன தெரியும் — வாய். இந்த வாய் ஒண்ணுதான்.

மே 27

கோடு ஏறிய கதையை ஒழுங்காக எழுதிவைக்கிறேன். கோர்ட்டில் கேட்டால் உதவும்.

புயல் வந்தபோது அக்காவுக்கு எட்டு வயது. அப்பா கணுக்கால் உயரத்தில் ஒரு கோடு போட்டு வைத்தார். அவர் போன பிறகு முதல் தடவை பெயின்ட் அடித்தபோது அதை முழங்காலுக்கு ஏற்றினேன். விருந்தாளிகள் குனிந்து படம் எடுக்கச் சிரமப்பட்டார்கள். கெட்ட எண்ணம் கிடையாது. அடுத்த தடவை மேசை மறைத்தது, இடுப்புக்கு ஏற்றினேன். அடுத்த தடவை நாற்காலி உரசியது, மார்புக்கு. கடைசியாக ஒரு நெட்டை விருந்தாளி பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்றார். அந்த "தானா"வை என்னால் தாங்க முடியவில்லை.

ஜூன் 3

இன்ஜினியரம்மா கடைசியாக ஒரு முறை நேரில் பார்க்க வந்தார். அவர் வருவதற்குள் நான் ஒரு காரியம் செய்திருந்தேன். தலைக்கு மேல் இருந்த கோட்டை அழித்துவிட்டு, கணுக்கால் உயரத்தில் புதிதாகக் கறுப்பில் ஒன்று இழுத்துவிட்டேன். உண்மையை அது இருக்க வேண்டிய இடத்தில் வைத்துவிட்டால் போதும் என்று நினைத்தேன். மூளை அப்படி வேலை செய்தது.

அவர் குனிந்து தொட்டார். விரலெல்லாம் கறுப்பு.

"இது எப்ப வந்த வெள்ளம் சார்?"

"காலையில மேடம்."

வாயில் வந்துவிட்டது. பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன்.

அப்போது அக்கா உள்ளேயிருந்து வந்தாள். கையில் ஒரு கரண்டி, ஒரு கிண்ணம் வெந்நீர், ஈரத் துணி. "அப்பா எழுதினது அடியில இருக்கும்மா. முதல் தடவை பெயின்டர் சுரண்ட வந்தப்ப நான் விடல, மேலேயே பூசச் சொன்னேன். இப்பவும் சுரண்டினா எழுத்து போயிடுமோன்னு பயந்துதான் வாயைத் திறக்கல. போனாப் போகுது. நீங்களே பாருங்க."

மேலிருந்து ஒரு சாண் அகலத்துக்குச் சுரண்டிக்கொண்டு இறங்கினாள். வெளிர் மஞ்சளுக்கு அடியில் நீலம். அதில் மார்பு உயரத்தில் ஒரு கோடு.

"இது யார் போட்டது?" என்றார் இன்ஜினியரம்மா.

"நான்தான்."

நீலத்துக்கு அடியில் பச்சை. இடுப்பில் கோடு. "இது?"

"அதுவும் நானேதான்."

பச்சைக்கு அடியில் ரோஜா நிறம். முழங்காலில் கோடு. அவர் கேட்கவேயில்லை. என்னைப் பார்த்தார், அசடு வழிய நின்றேன், குறித்துக்கொண்டார்.

தரைக்கு மேலே வந்ததும் அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஈரத் துணியால் துடைக்க ஆரம்பித்தாள். கால் மணி நேரம். பழைய சுண்ணாம்பு தெரிந்தது, கோடு தெரிந்தது, பக்கத்தில் தேதியோடு அப்பாவின் கோணல் எழுத்து: "தண்ணீர் இவ்வளவு. சாப்பாடு உண்டு."

அக்கா என் புதுக் கோட்டைப் பார்த்தாள். "இதுலயும் நாலு விரல் கூட வெச்சிருக்கே பாரு."

இன்ஜினியரம்மா சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது. இந்தத் தடவை வெங்காயம் நறுக்கவில்லை.

அவர் போன பிறகு அக்கா தானாகவே சொன்னாள். அன்றைக்கு அப்பா அடுப்பை மேசை மேல் ஏற்றிவைத்துச் சமைத்தாராம். பதினொரு பேர் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு சாப்பிட்டார்களாம். ஐம்பத்திரண்டு வயதில் இதை இன்றுதான் கேட்கிறேன். அவள் சொல்ல நான் எப்போது இடம் கொடுத்தேன்?

ஜூன் 20

நோட்டீஸ் ரத்து. படகுத்துறைத் தெரு வரைபடத்தில் சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறிவிட்டது. தொப்பிக்கடை அண்ணன் என்னோடு பேசுவதில்லை. அவரை மூழ்க விடாமல் செய்துவிட்டேனாம்.

ஜூலை 2

அக்காவின் உத்தரவு: நான் தண்ணீர் ஊற்றலாம், தட்டு வைக்கலாம், சுவர் பக்கம் வாயைத் திறக்கக் கூடாது. சுரண்டிய பட்டையை அப்படியே விட்டுவைத்திருக்கிறோம்.

ஜூலை 14

மதியம் ஆறு மேசை. மூலையில் இருந்த அம்மா சுவரைக் காட்டி, அது என்ன என்று கேட்டார். நான் வாயை மூடிக்கொண்டு அடுக்களையைக் காட்டினேன். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். முதலில் கூச்சப்பட்டாள். பிறகு முதல் மூன்று கோடுகளில் என் மானத்தை வாங்கினாள். மேசையே குலுங்கிச் சிரித்தது. கடைசிக் கோட்டுக்கு வந்ததும் குரலைத் தாழ்த்தினாள். அப்பா அடுப்பை மேசை மேல் ஏற்றியது, தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு ஆட்கள் சாப்பிட்டது. மற்ற மேசைக்காரர்களும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள்.

"எத்தனை பேர் சாப்பிட்டாங்க?" என்றார் அந்த அம்மா.

"நாப்பது பேர்," என்றாள் அக்கா.

சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் அந்த அம்மாவின் டம்ளரில் தண்ணீர் ஊற்றினேன்.