ஏழாம் அறையில் கேட்ட தமிழ்

கிளிநொச்சி
10.02.2025

மரியநேசன் மாமாவுக்கு,

தர்மிளா நித்திரை கொள்ளவில்லை. கொண்டாள் என்று பொய் எழுதி அவளை வேலையால் நிறுத்தியிருக்கிறீர்கள். போனில் கேட்டால் கதையை மாற்றுவீர்கள். அதனால் மின்னஞ்சலில் எழுதுகிறேன்.

அன்று கமரா பார்க்கும் அறையில் அவளுக்குப் பக்கத்துக் கதிரையில் நான்தான் இருந்தேன். லண்டனில் நள்ளிரவு தாண்டியிருந்தது, எங்களுக்கு விடிந்திருந்தது. அங்கத்தைய முதியோர் இல்லத்தின் ஏழாம் அறை வெள்ளைக்கார அம்மா கட்டிலால் விழுந்ததைத் திரையில் கண்டவுடனே தர்மிளா அபாயப் பொத்தானை அழுத்தினாள். அங்கிருந்து தாதி வரவேண்டும். வரவில்லை. திரும்பத் திரும்ப அழுத்தினாள். அந்த அம்மா எழும்பப் பார்த்து மறுபடி விழுந்தார். பேசக்கூடாது என்ற உங்கள் சட்டத்தை மீறி தர்மிளா ஒலிவாங்கியைப் போட்டாள். பதற்றத்தில் ஆங்கிலம் வரவில்லை.

"அம்மா, அசையாதேங்கோ. ஆள் வருது. நான் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்."

என்ன விளங்கியதோ, அவர் தலையைத் தரையில் வைத்து, கமராவையே பார்த்தபடி கிடந்தார்.

இதுவா நித்திரை? அவளைத் திரும்ப எடுங்கள்.

மருமகள்,
ஆன்சலா

லண்டன்
14.02.2025

அன்பு மருமகள் ஆன்சலாவுக்கு,

கோபத்தில் மாமியின் சுகம் கேட்கவும் மறந்துவிட்டாய். மாதாவின் புண்ணியத்தில் சுகம், குளிர்தான் தாங்க முடியவில்லை.

அந்த மூதாட்டி ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். பிள்ளைகள் பதிவைக் கேட்டிருக்கிறார்கள். அதில் தமிழ்க் குரல்! இரவுக் கண்காணிப்பை இலங்கைக்குக் கொடுத்தது அவர்களுக்குத் தெரியாது. பேசக்கூடாது என்று ஏன் சொன்னோம் என்று இப்போது விளங்குகிறதா? தாதிகளைக் குறைத்தது இல்லம். தாதிகளை அனுப்புவது வேறு கம்பனி. நாங்கள் கமரா பார்ப்பவர்கள் மட்டும்.

ஒப்பந்தம் முறிந்தால் அங்கே உங்கள் ஒருவருக்கும் வேலையில்லை. வன்னிக்கு இதைக் கொண்டுவர எத்தனை பேரிடம் கெஞ்சினேன்! கடலை நம்பியிருந்த வீட்டுப் பிள்ளை நீ, இன்று ஏசி அறையில் இருக்கிறாய்.

தர்மிளா நித்திரை கொண்டதைக் கண்டேன், பிந்தித்தான் எழும்பிப் பொத்தானை அழுத்தினாள் என்று ஒரு வரி எழுதி அனுப்பு. உன் அம்மா என் அக்காதானே, அவருடைய கண் ஒப்பரேசனை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்பு மாமா,
மரியநேசன்

கிளிநொச்சி
17.02.2025

மாமாவுக்கு,

நேற்று தர்மபுரத்தில் தர்மிளாவின் வீட்டுக்குப் போனேன். தகப்பன் ஆண்டியப்பன் தேத்தண்ணி தந்துவிட்டுச் சொன்னார்: "எங்கப்பன் தேயிலத் தோட்டத்துல வேல செஞ்சப்ப தொர நேர வந்து ஏசுவானாம். ஒங்க தொர எங்க இருக்கான்னே தெரியலயே புள்ள."

அந்தத் துரை என் மாமாதான் என்று தெரிந்துகொண்டே அவர் தந்த தேத்தண்ணியைக் குடித்தேன்.

அந்த அம்மா இறந்ததை நான்தான் தர்மிளாவுக்குச் சொன்னேன். வேலையைப் பற்றி அவள் ஒரு சொல்லும் கேட்கவில்லை. "ஆள் வருது எண்டு சொன்னனான் அக்கா. அவா என்னை நம்பித்தானே அசையாமல் கிடந்தவா" என்றாள்.

இப்போது அவளுடைய கதிரையில் நான் இருக்கிறேன். திரையில் ஒரு போர்வை அசைந்தாலும் என் கை பொத்தானுக்குப் போகிறது. நான் பொத்தானை அழுத்தினால் அங்கே மணியைக் கேட்க ஒரு ஆள் இருக்கிறாரா? இதற்குப் பதில் எழுதுங்கள்.

நீங்கள் கேட்ட வரியை எழுத மாட்டேன். கண்டதைக் கண்டபடி எழுதி வைத்திருக்கிறேன். அந்த அம்மாவின் பிள்ளைகளுக்கு அனுப்ப வேண்டும். அவர்களுடைய விலாசத்தைத் தாருங்கள்.

ஆன்சலா

கிளிநொச்சி
03.03.2025

மாமா,

விலாசம் வரவில்லை. ஒப்பரேசனுக்கென்று காசு வந்தது. திருப்பி அனுப்பிவிட்டேன். அம்மா என்னோடு கதைப்பதில்லை.

நாளையிலிருந்து வேலைக்கு வரவேண்டாம் என்று இன்று சொல்லிவிட்டார்கள். என் கதிரைக்கு மல்லாவியிலிருந்து ஒரு பிள்ளை வந்திருக்கிறாள். ஏழாம் அறையிலும் புதிதாக ஒருவர் படுத்திருக்கிறார்.

விலாசத்தை அனுப்புங்கள்.

ஆன்சலா

கிளிநொச்சி
21.03.2025

மாமா,

விலாசத்தை அனுப்புங்கள்.