நீங்கள் வெட்டாத நிலக்கரி

அப்பா,

இன்று காலை அம்மா அந்தக் கறுப்புக் கட்டிக்கும் குங்குமம் வைத்துவிட்டார். உங்கள் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. எடுத்துவிடலாமென்று தொட்டேன்; விரல் கறுத்தது. உங்களை ‘நீங்கள்’ என்று எழுதுவது பழக்கத்தால்தான், மரியாதையால் அல்ல.

எனக்குப் பத்து வயதில் அதைக் கொண்டுவந்தீர்கள். தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் மட்டும் பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்துக்கு வருகிறவர் நீங்கள். “நிலக்கரி கண்ணு. சொரங்கத்துல எறங்கி அப்பா வெட்டுனது. இது இல்லாட்டி கொழும்புல லைட்டே எரியாது” என்றீர்கள், லயத்து வரிசை வீடுகள் முழுக்கக் கேட்கும்படி.

பக்கத்து வீட்டு அத்தை விடவில்லை. “அப்ப நம்ம லயத்துக்கும் ஒரு கட்டி வெட்டிட்டு வாங்கண்ணே. கரண்டு போயி மூணு நாளாச்சு.”

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் நானும் மட்டும் நம்பினோம்.

பல்கலைக்கழகத்தில் பாறைகளைப் பற்றிய முதல் விரிவுரை. நிலக்கரி என்பது புதைந்துபோன காடு. நம் மலைகளின் பாறையோ, பூமியில் மரங்கள் முளைக்குமுன்பே ஆழத்தில் வெந்து இறுகியது. இந்த நாட்டில் நிலக்கரிச் சுரங்கமே கிடையாது. தோண்டக் கிடைப்பது பென்சிலுக்குப் போடும் காரீயம், அதாவது கிராஃபைட். அந்த வாரம்தான் ஒரு படிவத்தில், தகப்பன் தொழில் என்ற இடத்தில், ‘நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி’ என்று எழுதிக் கொடுத்திருந்தேன்.

அப்போதும் உங்களுக்காக எனக்குள் வாதாடினேன். காரீயச் சுரங்கமாக இருக்கும், பெயரை மாற்றிச் சொல்லியிருப்பார் என்று. விடுமுறையில் வந்து கட்டியைக் காகிதத்தில் தேய்த்தேன். காரீயம் வழுக்கிக்கொண்டு எழுதும். இது பொடிந்தது. நிலக்கரியேதான். எங்கே கிடைத்ததென்று உங்களிடம் கேட்காமல் திரும்ப வைத்துவிட்டேன்.

போன மாதம் உங்கள் போனிலிருந்து யாரோ பேசி, நீங்கள் இறந்துவிட்டதாகச் சொன்னார்கள். அம்மாவிடம் சொல்லாமல் நாவலப்பிட்டிக்குப் போனேன். ரயில் பாதையோரம் ஒரு வீடு. உங்கள் சவப்பெட்டியருகே அழுத பெண் சொன்னார்: “இருபது வருஷமா எங்க வீட்டுக்காரருக்கு அந்த ஸ்டேஷன் கடைதான் ஒலகம். தீபாவளி, திருவிழா தவிர ஒரு நா சாத்துனதில்ல.”

முற்றத்து மண்ணில் கறுப்புத் துண்டுகள் கிடந்தன. பழைய நீராவி எஞ்சின்கள் சிந்திப்போனவை. கடல் தாண்டிக் கப்பலில் வந்த கரி. மகளுக்குக் கொடுக்க, வாசலில் குனிந்து ஒன்றைப் பொறுக்கியிருக்கிறீர்கள். அவ்வளவுதான் உங்கள் உழைப்பு.

நீங்கள் இறந்துவிட்டதாகவும், வேலை செய்த இடத்திலேயே அடக்கம் முடிந்துவிட்டதென்றும் வீட்டில் சொன்னேன். அம்மா கேட்டார்.

“சொரங்கத்துக்குள்ளயா புள்ள உசிரு போச்சு?”

“ஆமாம்மா.”

“ரொம்ப ஆழமா?”

பாறை படித்தவள் நான். “ரொம்ப ஆழம்மா” என்றேன்.

நாட்டில் இல்லாத சுரங்கத்தை இப்போது நான் தோண்டிக்கொண்டிருக்கிறேன், அம்மா கேட்கும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம். இந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டுப் போனதற்காக உங்களை மன்னிக்கமாட்டேன்.