பாலத்துக்கு அந்தப் பக்கம் எடுத்த படம்

கோட்-டெ-நெய்ஜ், மொன்றியல், கனடா
14.11.1987

அன்பு மகள் சிசிலிக்கு,

அம்மாவும் நானும் உடம்பளவில் சுகம். நீயும் அப்படியே இருக்கவேண்டும் என்று அம்மா தினமும் செபமாலை சொல்கிறாள். இந்தக் கிழமை நானும் அவளோடு முழங்காலில் நின்றேன். ஏனென்று சொல்லத்தான் இந்தக் கடிதம். உட்கார்ந்து வாசி.

உன்னை இங்கே கூப்பிடும் விண்ணப்பத்துக்காகச் செவ்வாய்க்கிழமை குடிவரவுக் கந்தோருக்குப் போனேன். நீ என் பிள்ளைதான் என்று காட்டப் படங்கள் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். மட்டக்களப்பில் இருந்த படங்கள் வீட்டோடு எரிந்தன. கையில் இருந்தது நீ அனுப்பிய ஒன்றுதான். ஒற்றைக் கோபுரமுள்ள பெரிய மாதா கோவிலுக்கு முன்னால், இரவல் கோட்டோடு நீ சிரிக்கும் படம். பெருமையாக எடுத்து மேசையில் வைத்தேன். அந்தக் கோவில் ஸ்ட்ராஸ்பூரில் இருக்கிறது. ஸ்ட்ராஸ்பூர் பிரான்சில், உன் கேலிலிருந்து ரைன் ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. ஜெர்மன்காரன் உன் அகதி வழக்கு முடியும்வரை உன்னைக் கேல் வட்டாரத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்று வைத்திருக்கிறான். எல்லாம் எனக்குத் தெரியும், உன் கடிதங்களை அத்தனை தரம் வாசித்தவன். ஆனாலும் வைத்தேன். படத்தில் உன் முகம் மட்டும்தான் என் கண்ணில் பட்டது. என் மூக்கு, அம்மாவின் கண்கள்.

கந்தோரில் இருந்த பெண் பிரெஞ்சுக்காரி. எனக்குப் பிரெஞ்சு போதாது என்று சண்முகலிங்கம் என்ற யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவர் பக்கத்தில் இருந்து மொழிபெயர்த்தார். படத்தைக் கண்டதும் அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. படிக்கிற காலத்தில் ஒரு வருடம் அங்கே இருந்தாளாம். பேனையை வைத்துவிட்டுக் கதைக்கத் தொடங்கினாள். மரச்சட்டங்கள் குறுக்கும் நெடுக்குமாகத் தெரியும் வீடுகள் தண்ணீரின் மேல் சாய்ந்து நிற்குமாம். வாசலில் ஜெர்மன் பெயர், உள்ளே பிரெஞ்சுப் பேச்சு. அவளுக்கு அறை வாடகைக்குக் கொடுத்தவள் ஊர் ஜெர்மனிக்கும் பிரான்சுக்குமாகக் கைமாற, ஒரே வீட்டில் இருந்தபடியே மூன்று தரம் நாடு மாறியவளாம். நீ எழுதியதும் அதுபோலத்தான். பாண்கடைக்காரி புருசனை ஜெர்மன் மாதிரி ஏதோ ஒன்றில் ஏசிவிட்டு, உன் பக்கம் திரும்பிப் பிரெஞ்சில் சிரித்தாள் என்று. அதை வாசித்துவிட்டுக் கனநேரம் யன்னலோரம் இருந்தேன். இங்கே இரண்டு மொழிகள் ஒரே பஸ்சில் ஒன்றையொன்று பார்க்காமல் பயணம் செய்கின்றன. எங்கள் நாட்டில் நடந்தது உனக்குத் தெரியும். ஒரே வாயில் இரண்டும் குடியிருக்கும் ஊர் ஒன்று உண்டு என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது. அதனால்தான் பாலம் கடக்காதே என்று ஒருமுறையும் உன்னைக் கண்டித்து எழுதவில்லை. அது என் பிழை.

அவள் கதைத்துக்கொண்டே படத்தைத் திருப்பினாள். பின்னால் உன் கையெழுத்து. முதல் வரி, அப்பாவுக்கு அன்பு முத்தங்கள். இரண்டாவது வரி, போன ஞாயிறு களவாகப் பாலம் கடந்து எடுத்தது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். சண்முகலிங்கம் என்னைப் பார்த்தார். முதல் வரியை மட்டும் வாசித்தார். அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. பிள்ளை இருப்பது ஜெர்மனியில் அல்லவா, இது எப்போது எடுத்தது என்றாள். இரண்டு வருடத்துக்கு முன், ஜெர்மனிக்குப் போகிற வழியில் என்று சொல்லிவிட்டேன். வாய் தானாகச் சொன்னது. எழுதிக்கொண்டாள். படத்தையும் எங்கள் விண்ணப்பக் கோவைக்குள் வைத்தாள். நீ பிரான்சை மிதிக்காமல் கிழக்கு பேர்லின் வழியாக நேரே வந்தாய் என்று விண்ணப்பத்தில் நானே எழுதியிருக்கிறேன். அது வெளியே வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

கந்தோர் நடைவழியில் சண்முகலிங்கம் என்னைப் பிடித்துக்கொண்டார். "அண்ணை, நீங்கள் பிள்ளையைக் கூப்பிடுறியளோ, பிடிச்சுக் குடுக்கிறியளோ? பாலம் கடந்தது இந்தக் கந்தோர் ஆக்களுக்குப் பெரிசில்லை, பொய்தான் பெரிசு. கோவை ஜெர்மனியில இருக்கிற கனடாக் கந்தோருக்குப் போகும். அங்கையும் ஒரு தமிழன் இருப்பான். அவன் ரெண்டாவது வரியையும் வாசிப்பான்" என்றார். பிறகு, "ஊரில வாத்தியாரோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். "அதுதான்" என்றார்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். "பெரிய படிப்புப் படிச்ச மனிசன், ஒரு படத்தத் திருப்பிப் பாக்கத் தெரியல்லயா உங்களுக்கு? இனி வாயத் திறக்காம இருங்க. உங்கட உண்மையும் வேணாம், பொய்யும் வேணாம், பிள்ள வந்தாக் காணும்" என்று அழுதாள். ஏப்ரலில் உனக்கு இருபத்தொன்று. அதற்குப் பிறகு பிள்ளை என்று உன்னைக் கூப்பிட முடியாது. அவள் பயம் நியாயம்.

புதன்கிழமை உனக்கு வேறொரு கடிதம் எழுதினேன். கேட்டால் நீயும் இரண்டு வருடத்துக்கு முன் என்றே சொல் என்று. முத்திரையும் ஒட்டினேன். ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும்போது அது சட்டைப்பையில் இருந்தது. நான் இல்லாத ஓர் அறையில், முன்பின் தெரியாத ஒருவனுக்கு முன்னால், நீ என் பொய்யைச் சொல்லிக்கொண்டு இருப்பதை நினைத்தேன். கிழித்துப் போட்டேன்.

திங்கட்கிழமை திரும்பக் கந்தோருக்குப் போகிறேன். படம் செப்டெம்பரில் எடுத்தது, சொன்னது பொய், சொன்னவன் நான் என்று சொல்வேன். சண்முகலிங்கமும் வருகிறார். "வாறன், ஆனா இந்த முறை படம் ஒண்டும் கொண்டு வராதேங்கோ" என்றார். அம்மா என்னோடு கதைப்பதில்லை. சோறு மட்டும் போடுகிறாள்.

அவர்கள் மறுக்கலாம், மகள். மறுத்தால் அது என்னால். நீ அதைச் சுமக்காதே. முடிவு வரும்வரை பாலத்துப் பக்கம் போகாதே, குளிருக்கு இரண்டு காலுறை போடு, அம்மாவுக்குத் தனியாக ஒரு வரி எழுது. மாதா உன்னை விட்டு விலகமாட்டா. உன்னைக் கூப்பிட்டு விசாரித்தால் நடந்ததை நடந்தபடி சொல். ஏன் போனாய் என்று கேட்டால், அந்த ஊர் அழகாக இருந்தது, பார்க்கப் போனேன் என்று சொல்.

உன் அப்பா,
அருமைராசா