உன் சல்லடையில் நின்ற என் பிழை

மாப்ளே,

இன்றைக்குக் காலையில் என் மகள் தன் மடிக்கணினியை என் பக்கம் திருப்பி வைத்தாள். திரையை இரண்டாகப் பிரித்து, ஒரே புரோகிராமை இரண்டு பக்கமும் திறந்திருந்தாள். இடது பக்கம் தப்பைக் கண்டுபிடித்துக் காட்டும் ஒரு பிளக்இன், வலது பக்கம் இன்னொன்று. அவள் அடிக்க அடிக்க இரண்டுமே தப்பான இடத்துக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டுக்கொண்டே வந்தன. "இது வெரசா சொல்லுது, ஆனா பாதியை விட்டுருது. அது மெதுவா சொல்லுது, ஆனா ஒண்ணு விடாம சொல்லுது. எதை வச்சுக்கிறதுப்பா?" என்று கேட்டாள். என் கையில் ஏலக்காய் தட்டிப் போட்ட டீ. அந்த வாசனையும் அந்தச் சிவப்புக் கோடும் ஒரே நேரத்தில் வந்தால் எனக்கு வேறு யார் ஞாபகம் வரும்? அவளுக்குப் பதில் சொல்லாமல் எழுந்து வந்து உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நீ போய் வருஷம் ஒன்று ஆகப்போகிறது. படிக்க ஆளில்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன். இருந்தாலும் புரோகிராம் எழுதும் எடிட்டர் விஷயத்தில் உன்னிடம் சொல்லாமல் நான் எந்த முடிவும் எடுத்ததில்லை. சண்டை போட்டாவது சொல்லியிருக்கிறேன்.

போடியில் அந்த ஏலக்காய் ஏலக் கம்பெனியின் மாடி உனக்கு நினைவிருக்கும். எண்பதுகளின் கடைசி. கீழே குடோனில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து காய் பொறுக்குவார்கள். மேலே நீ, நான், பச்சை எழுத்துக் காட்டும் ஒரே ஒரு கம்ப்யூட்டர். மலைத் தோட்டங்களிலிருந்து ஜீப்பில் இறங்கும் மூட்டைகளை ரகம் பிரித்து, லாட் நம்பர் போட்டு, ஏலம் தொடங்குவதற்கு முன் வியாபாரிகள் கையில் லிஸ்ட்டாகக் கொடுக்க வேண்டும். அதைக் கையால் எழுதிக்கொண்டிருந்த இடத்தில் மிஷின் எழுதவேண்டும் என்பதுதான் நமக்கு இட்ட வேலை. இரண்டு ஏலம் போயிற்று, லிஸ்ட் வரவில்லை. முதலாளி எப்போதும் வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டுதான். "இந்த வியாழக்கிழமையும் வரலேன்னா மிஷினு மதுரைக்குத் திரும்பிப் போயிரும். நீங்க ரெண்டு பேரும் வேற சோலி பாத்துக்கங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எனக்கென்ன, அப்பாவின் கடை பஜாரில் இருந்தது. உனக்கோ போடிமெட்டுக்கு மேலே தோட்டத்தில் கணக்கப்பிள்ளை வேலை காத்துக்கொண்டிருந்தது. உன் அய்யா வாரம் ஒரு ஆள் விட்டுக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "இப்ப மேல ஏறினேன்னா இந்த மிஷினை அப்புறம் கண்ணாலகூடப் பாக்க மாட்டேன் மாப்ளே." ஒரே ஒரு தடவைதான் சொன்னாய்.

ஆனாலும் எடிட்டர் சண்டையை விட்டோமா? நான் மதுரையிலிருந்து பிளாப்பியில் வாங்கிவந்த திரை எடிட்டர் என்றால் எனக்கு அப்படிப் பெருமை. பக்கம் முழுக்கத் தெரியும், கர்சரை எங்கே வேண்டுமானாலும் நகர்த்தலாம், ஒரு முறையில் திறந்தால் கடிதம் எழுதலாம், இன்னொரு முறையில் திறந்தால் புரோகிராம் எழுதலாம். உன்னுடையது வரி எடிட்டர். நாற்பதாவது வரியைத் திருத்த வேண்டுமென்றால் நாற்பது என்று அடித்து, அந்த ஒரு வரியை மட்டும் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். "இதென்னடா, கதவைச் சாத்திட்டுச் சாவித் துவாரத்துல சினிமா பாக்குற மாதிரி" என்று நான் நக்கல் அடித்தேன். "ஒன் எடிட்டரு ஒரு பிளாப்பியவே முழுங்கிருது. என்னோடது கம்பைலரோட ஓரமா ஒண்டிக்கிது. மாத்தி மாத்திச் சொருகுற சோலி எனக்கில்ல" என்று நீ சொல்வாய். அதிலும் நியாயம் இருந்தது. ஆனால் நான் ஒத்துக்கொள்ளவில்லை. விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத ஜாதி நான்.

இன்னொரு கிறுக்கும் உனக்கு இருந்தது. நாம் எழுதியதை மிஷினுக்குப் புரியும் பாஷைக்கு மாற்றும் கம்பைலர் பத்து நிமிஷம் ஓடி, முதல் தப்பில் முரண்டு பிடித்து நின்றுவிடும். அதைத் திருத்தினால் இன்னொரு பத்து நிமிஷம், அடுத்த தப்பு. அதனால் நீயே ஒரு குட்டிப் புரோகிராம் எழுதினாய். நாம் எழுதியதைக் கம்பைலருக்குக் கொடுக்கும் முன் அது ஒரு தடவை படித்துப் பார்க்கும், திறந்த அடைப்புக்குறி எல்லாம் மூடியிருக்கிறதா என்று எண்ணும். அதற்குச் சல்லடை என்று பேர் வைத்தாய். தப்பு இருந்தால் ஆங்கில எழுத்தில் "நில்லு மாப்ளே" என்று வரி நம்பரோடு காட்டும். இல்லையென்றால் "சரி மாப்ளே, போ". நான் ஒரு தடவைகூட அதைத் தொடவில்லை. எனக்கு எதற்குச் சல்லடை, நான் அடித்தால் தப்பு வராதே!

அந்த வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கே முதலாளி வந்து, ஒரே தோட்டத்து லாட்டெல்லாம் அடுத்தடுத்து வரணும் என்றார். நான் அப்போது வியாபாரிகளுக்கு அவர் சொன்ன கடிதத்தை என் எடிட்டரில் அடித்துக்கொண்டிருந்தேன். அதை முடித்த கையோடு புரோகிராமைத் திறந்து, மாற்றத்தை அடித்து, சேமித்தேன். கம்பைலர் முதல் வரியிலேயே நின்றது. முதல் வரியில் இருந்தது புரோகிராமின் பேர் மட்டும்தான். எழுத்தெழுத்தாகப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. முந்தின நாள் எடுத்து வைத்திருந்த நகலைத் திறந்து அதிலும் மாற்றத்தை அடித்தேன். அதுவும் முதல் வரியிலேயே நின்றது. மணி எட்டரை. இருந்த இரண்டு பிரதியையும் நானே என் கையால் கெடுத்துவிட்டு, எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

நீ சிலமலை பஸ்சை விட்டு இறங்கி வந்தாய். நான் நடந்ததைச் சொன்னேன். ஜன்னல் வழியாகக் கீழே குடோனைப் பார்த்துக்கொண்டு நின்றாய். எனக்கு எரிச்சலாக வந்தது. அப்புறம்தான் சொன்னாய்: "எங்காத்தா மேல தோட்டத்துல காய் பொறுக்கும்போது ஒண்ணு சொல்லும் மாப்ளே. மேலாப்புல பாத்தா எல்லாம் பச்சையாத்தான் இருக்கும். உருட்டிப் பாத்தாத்தான் வெடிச்ச காய் தெரியும்னு. ஒன் எடிட்டரு மேலாப்புல காட்டுது. நகரு, உருட்டிப் பாப்போம்."

உன் வரி எடிட்டரில் முதல் வரியைக் கூப்பிட்டாய். மாப்ளே, அந்த நிமிஷத்தை நான் சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன். சொற்களின் கடைசி எழுத்து இருந்த இடத்தில் ஏதேதோ கிறுக்கல். கடிதம் அடித்த சூட்டில் நான் புரோகிராமையும் கடித முறையிலேயே திறந்திருக்கிறேன். சொல் எங்கே முடிகிறது என்று தெரிந்துகொள்ள என் எடிட்டர் கடைசி எழுத்தில் ஒரு ரகசிய அடையாளம் வைத்திருக்கிறது. தன் திரையில் அதை மறைத்து அழகாகக் காட்டியிருக்கிறது. உன் எடிட்டருக்கு மறைக்கத் தெரியவில்லை.

எனக்கு அவமானத்தில் காது சுட்டது. ஒரு வார்த்தை குத்திக்காட்டியிருக்கலாம் நீ. குத்தவில்லை. "டீ சொல்லு, ரெண்டா" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாய். அந்த அடையாளத்தை எழுத்தெழுத்தாக நீக்கிப் போடும் சில வரிகளை உன் சல்லடையில் சேர்த்தாய். டீ ஆறும் முன்னே ஓட்டினாய். நின்றது. "நில்லு மாப்ளே, வரி 112." அங்கே ஓர் அடைப்புக்குறியை நான் மூடவே இல்லை. தப்பே வராத ஆள் நான்! அதை மூடிவிட்டு மறுபடி ஓட்டினோம். "சரி மாப்ளே, போ." கம்பைலர் பத்து நிமிஷமும் ஓடி, ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் முடித்தது.

ஒன்பதரைக்குப் பிரிண்டர் கத்த ஆரம்பித்தது. அந்தச் சத்தத்துக்குக் கீழே பெண்கள் எல்லாம் கையை நிறுத்திவிட்டு மாடியைப் பார்த்தார்கள். நீ தாளைக் கிழித்துக்கொண்டு இரண்டு இரண்டு படியாக இறங்கினாய். ஏல அறையில் வியாபாரிகள் லிஸ்ட்டை ஆளுக்கொன்றாக வாங்கிக்கொண்டு, பக்கத்தைப் புரட்டி, தோட்டம் தோட்டமாக அடுத்தடுத்து இருப்பதைப் பார்த்துத் தலையாட்டினார்கள். முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "மிஷினு இருக்கட்டும்ப்பா" என்றார். அவ்வளவுதான் அவர் பாராட்டு. அது போதாதா! மாடிக்கு ஏறும் வழியிலேயே நீ என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டாய். உன் சட்டையெல்லாம் ஏலக்காய்த் தூசி. உன் அய்யா அனுப்பிய ஆளுக்கு அன்று சாயங்காலம் நீயே பதில் சொல்லி அனுப்பினாய். அதற்கப்புறம் நீ மலையேறியது கல்யாணம் காட்சிக்கு மட்டும்தான்.

மறுநாள் நம் சண்டையும் தீர்ந்தது. நான் என் எடிட்டரை மூடினால் உன் சல்லடை தானாக ஓடும். தப்பு இருந்தால் காட்டிவிட்டு எடிட்டரை மறுபடி திறந்துவிடும். அப்படி இரண்டையும் கோத்துவிட்டாய். இன்று இதற்கு ஆயிரம் பேர் இருக்கிறது. அன்று போடி மாடியில் நாம் பேரில்லாமலேயே வைத்திருந்தோம். "நம்ம தப்பு ஏலத்துக்குப் போறதுக்கு முந்தி நமக்குத் தெரியணும், அம்புட்டுத்தான்" என்றாய். அதற்கப்புறம் எத்தனையோ ஊர், எத்தனையோ மொழி, எத்தனையோ எடிட்டர். எதை எடுத்தாலும் நான் கேட்ட முதல் கேள்வி, என் தப்பை முந்தி எனக்குச் சொல்லுமா என்பதுதான்.

மகளிடம் போய், மெதுவாகச் சொன்னாலும் ஒன்று விடாமல் சொல்வதை வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டேன். அதோடு ஒரு வேலையும் வாங்கினேன். தப்பு ஒன்றும் இல்லாதபோது அந்தப் பிளக்இன் ஓரத்தில் ஏதோ ஒரு பச்சை டிக் போடுகிறது. அதை எடுத்துவிட்டு நான் சொன்னதைப் போடச் சொன்னேன். "யாருப்பா இது மாப்ளே?" என்று கேட்டுச் சிரித்துக்கொண்டே மாற்றித் தந்தாள். நூறு வரி எழுதினேன். மூன்று இடத்தில் நிறுத்தியது, திருத்தினேன். கடைசியில் திரையின் மூலையில், அன்று அந்த மிஷினில் உன்னால் எழுத முடியாத தமிழ் எழுத்திலேயே வந்தது: சரி மாப்ளே, போ.