காலி வண்டிச் சத்தம்

என் செல்வம் அண்ணா,

எங்கே இருந்தாலும் காலில் செருப்போடு இரு. ஏன் என்று சொல்கிறேன்.

நம் பிக்கப் வண்டியை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து, மீஞ்சூர் கடைகளில் இறக்கிவிட்டுத் திரும்புகிறேன். நீ போன ஒரு மாதத்துக்குள் வண்டியின் பின்பக்கம் 'டக் டக்' என்று ஒரு சத்தம் ஆரம்பித்தது. லோடு இருக்கும்வரை சாது. காலியாகிவிட்டால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் தட்டும்.

புஷ் மாற்றினேன், ஷாக் அப்சர்பர் மாற்றினேன். சத்தம் போகவில்லை. ஒருநாள் கூட வந்த அம்மா அதைக் கேட்டு மிரண்டு போனாள்.

"உங்கண்ணன்தான்டி தட்டிகினு கீறான். அவன் மனசு அடங்கல. வண்டிய வித்துடு."

"உனக்கு இன்னா பைத்தியமா?" என்று அதட்டினேன். ஆனால் மறுநாளிலிருந்து எனக்கும் அது நீ கதவைத் தட்டுவது போலவே கேட்டது. அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. வாங்குவதற்கு ஓர் ஆளும் வந்து பார்த்துவிட்டுப் போனான். வண்டி போனால் தொழில் போச்சு, நீ பிடித்த ஸ்டியரிங்கும் போச்சு. யாரிடம் போய் அழுவேன்?

கடைசியாகத் திருவொற்றியூரில் ஒரு பாய் பட்டறைக்குப் போனேன். அவர் ஸ்பானரைத் தொடவே இல்லை. காலி வண்டியின் பின்னால் ஏறிக் குந்திக்கொண்டு என்னை ஓட்டச் சொன்னார். பிறகு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார்.

"ஸ்பிரிங் பட்டை மோதுற எடத்துல ரப்பரே இல்லம்மா. கம்பி மட்டும் தொங்குது, இன்னாவோ கட்டி அறுத்துகீறாங்க. இன்னா அது?"

"திருஷ்டி செருப்பு பாய். நான்தான் அறுத்துப் போட்டேன்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "திருஷ்டி செருப்ப நாலு பேர் கண்ணுல படுற மாரி கட்டுவாங்க. பட்டைக்கு நடுவுல எவனாவது சொருவுவானா?"

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து வண்டியைக் கழுவும்போதுதான் அதைப் பார்த்தேன். இது இருந்தும் என் அண்ணனைக் காப்பாற்றவில்லையே என்ற ஆத்திரத்தில் அறுத்துக் கடலில் வீசினேன். அவசரக்குடுக்கை என்று நீ திட்டுவாயே, சும்மாவா?

பட்டறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீ ஓட்டிய காலத்தில் ஒருநாள், மீஞ்சூரிலிருந்து திரும்பி வீட்டு வாசலில் கண்விழித்தால், உன் ஒரு காலில்தான் செருப்பு. "இன்னாண்ணா, காலங்காத்தாலயே ஊத்திக்கினியா?" என்று தெருவே கேட்கக் கத்தினேன். "நாய் தூக்கினு போச்சு" என்று சிரித்தாய்.

காலி வண்டியில்தானே அந்தச் சத்தம் வரும்? காலி வண்டியில்தானே நான் தூங்குவேன்? விடியுமுன் ஏலத்துக்கு ஓடுகிறவளுக்கு அந்தக் கொஞ்ச நேரம்தான் தூக்கம். அது கெடக்கூடாது என்று செருப்பைக் கழற்றி வைத்தாயா அண்ணா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

நன்றி அண்ணா. நான் தூங்கிய அத்தனை நாளுக்கும் நன்றி.

பாய் புது ரப்பர் போட்டார். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுது முடித்துவிட்டு, "விக்க வேணாம்டி" என்றாள். நேற்று என்னோடு மீஞ்சூர் வந்தாள். திரும்பும்போது எண்ணூர் வருவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். வண்டி மூச்சுக்கூட விடவில்லை.

இந்த ரப்பரும் ஒருநாள் தேயும். அன்றைக்கு என் செருப்பு இருக்கிறது. அம்மாவின் தூக்கம் கெடாது அண்ணா, நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஒற்றைச் செருப்புக்கு உன்னைத் திட்டிய
உன் தங்கச்சி,
தேவி