இறங்கும்போது குளிர்

ஒக்டோபர் 11, வெள்ளி

இன்றும் ஹீற்றர் கைவிட்டது.

நானுஓயா தாண்டியதும் தொடங்கியது. முதலில் வெதுவெதுப்பு. பிறகு வெறும் காற்று. தலவாக்கலைக்கு வரும்போது வெளியே இருந்த குளிரையே எடுத்து உள்ளே ஊதிக்கொண்டிருந்தது. மழை வேறு. கண்ணாடி உள்பக்கமாக ஆவி பூத்துவிட்டது. ஒரு கையால் துடைத்துத் துடைத்து ஓட்டினேன்.

மேனுகா சப்பாத்தைக் கழற்றி, காலுறைகளைக் கழற்றி, கைகளில் மாட்டிக்கொண்டாள்.

"அப்ப காலுக்கு?"

"காலுக்கு மேல நான் இருக்கிறன், அப்பா."

ஆறு வயதில் இந்த நிதானம் எங்கிருந்து வருகிறது? என்னிடமிருந்து இல்லை.

மாதத்தில் ஒரு வார இறுதி அவள் எனக்கு. உஷாந்தியும் நானும் பிரிந்தபோது வாய்ப்பேச்சில் செய்துகொண்ட ஏற்பாடு. உஷாந்தி நுவரெலியாவில் டொக்டர். நான் வெள்ளவத்தையில், ஒரு வீட்டோடு ஒட்டிய சின்ன அனெக்ஸில் இருந்து மற்றவர்களின் அறிக்கைகளை மொழிபெயர்க்கிறேன். வெள்ளி ஏறிப்போய்ப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இறங்குவேன். ஞாயிறு கொண்டுபோய் விடுவேன். அந்த வார இறுதியில் பாதி பாதையிலேயே போய்விடுகிறது.

அந்தப் பாதிதான் எனக்குப் பிடிக்கும். காரில் அவள் எழுந்து எங்கும் போகமுடியாது. நானும்தான்.

ஒக்டோபர் 13, ஞாயிறு

கொண்டுபோய் விட்டாயிற்று.

ஏறும்போது ஹீற்றர் அருமையாக வேலை செய்தது. கினிகத்தேனைக்கு மேல் மேனுகா சுவெற்றரையே கழற்றினாள். "கார் திருந்திட்டுது" என்றாள்.

தனியே திரும்பும்போது நான் அதைப் போடவில்லை. ஒருவனுக்கு எதற்கு.

ஒக்டோபர் 15, செவ்வாய்

உஷாந்தி ஃபோன் எடுத்தாள். மேனுகாவுக்கு மூச்சிழுப்பு. நேற்று பள்ளிக்கூடம் போகவில்லை, இரண்டு தரம் நெபுலைசர் வைத்ததாம். இப்போது பரவாயில்லை. ஏசினால் நானும் ஏதாவது சொல்லலாம். அவள் ஏசவில்லை. வார்டில் நோயாளியின் உறவினரோடு கதைக்கிற குரலில் கதைத்தாள். ஹீற்றரைச் சரிசெய்தால் பிள்ளையைக் காரில் கூட்டிப்போகலாம். இல்லாவிட்டால் தான் கொழும்புக்கு வரும்போது ஹெவ்லொக் டவுனில் வந்து பார்க்கலாம்.

ஹெவ்லொக் டவுன் என்றால் அவளுடைய பெற்றோர் வீடு. வரவேற்பறை. மாமியின் தேத்தண்ணீர். மாமா தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் இருப்பது. மேனுகா வந்த ஆட்களுக்குக் காட்டுவதுபோல எனக்குக் கொப்பி காட்டுவது.

இல்லை. அது வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை சுடச்சுட வந்ததே என்றேன்.

"அவள் என்ன சொல்லுறாள் தெரியுமோ? அப்பாட்ட போகேக்க குளிர், அம்மாட்ட வரேக்க சூடு எண்டு."

ஃபோனை வைத்தபின் அனெக்ஸில் நடந்தேன். நடப்பதற்கு இங்கே அதிகம் இடமில்லை. அப்பாட்ட போகேக்க குளிர். யாராவது சொல்லிக்கொடுத்திருப்பார்களா? சொல்லிக்கொடுக்காமல் ஒரு பிள்ளைக்கு இப்படி ஒரு வாக்கியம் வருமா?

ஒக்டோபர் 19, சனி

கொட்டாஞ்சேனை. ஷிஹானின் கராஜ். கார் வாங்கிய நாளிலிருந்து ஷிஹான்தான் பார்க்கிறான்.

விஷயத்தைச் சொன்னதும் பக்கத்துக் காருக்குக் கீழே படுத்திருந்தவனைக் கூப்பிட்டு, மறுபடி சொல்லச் சொன்னான். சொன்னேன். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"ஊர்ல எல்லாரும் ஏசி வேலசெய்யல்லண்டு அழுதுக்கிட்டு வாராங்க. நீங்க ஹீட்டருக்கு வந்தீக்கிறீங்க. ஒங்களுக்கு காய்ச்சலா மச்சான்?"

நுவரெலியா, பிள்ளை என்றேன். சிரிப்பை நிறுத்திவிட்டான். அவனுக்கும் மகள்கள்.

எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர்தான் ஹீற்றருக்குள்ளும் சுற்றுகிறது. எஞ்சினிடமிருந்து அது வாங்கிவரும் சூட்டை ஒரு விசிறி உள்ளே ஊதுகிறது. அவ்வளவுதான் ஹீற்றர். ஷிஹான் ஹீற்றரின் இரண்டு குழாய்களையும் கழற்றித் தண்ணீரைப் பாய்ச்சினான். தேயிலைச் சாயம்போல வந்தது. எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. குழாய்களுக்குள் நின்ற காற்றையும் எடுத்தான். இனி அடுப்பு மாதிரி வரும் என்றான்.

ஒக்டோபர் 21, திங்கள்

காலி வீதி. எல்லாக் கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டு, ஹீற்றரை முழுவதாகத் திறந்து, பம்பலப்பிட்டிவரை நெரிசலில் ஊர்ந்தேன். அடுப்பு மாதிரித்தான் வந்தது. பக்கத்து ஓட்டோக்காரர் என் முகத்து வேர்வையைப் பார்த்துவிட்டு, சிங்களத்தில், ஏசி கெட்டுவிட்டதா தம்பி என்று கேட்டார். ஆம் என்றேன்.

நவம்பர் 8, வெள்ளி

முழுவதையும் எழுதவேண்டும்.

கினிகத்தேனையில் ஹீற்றரைப் போட்டேன். நுவரெலியாவரை சூடு நின்றது. உஷாந்தி ஆஸ்பத்திரிக் குவாட்டர்ஸ் வாசலில் நின்றாள். எஞ்சினை நிறுத்தாமல் கண்ணாடியை இறக்கினேன். அவள் கையை உள்ளே நீட்டி, காற்று வருகிற இடத்தில் பிடித்தாள். காய்ச்சல் பார்ப்பதுபோல.

"ஓம். சூடுதான்."

மேனுகா பையோடு ஓடிவந்தாள்.

நானுஓயாவுக்கும் தலவாக்கலைக்கும் இடையில் குளிர்ந்தது. போனமுறை எங்கேயோ, கிட்டத்தட்ட அதே வளைவுகளில். போத்தலில் சுடுதண்ணீர் கொண்டுபோயிருந்தேன், துவாயில் சுற்றி மடியில் வைத்தேன். அவள் என்னைத் தேற்றுவதற்காக, "நல்ல சூடு அப்பா" என்றாள். பிறகு இருமல். இருமலுக்குள் அந்த மெல்லிய விசில். எனக்கும் இப்போது அது விளங்கும். ஓரமாக நிறுத்தி, உஷாந்தி பையில் வைத்துவிட்ட மூச்சிழுப்புப் பம்பை எடுத்து, சொல்லித்தந்தபடி இரண்டு தரம் கொடுத்தேன்.

கொழும்புக்கு நாலு மணித்தியாலத்துக்கு மேல். நுவரெலியாவுக்கு அதில் கால்வாசியும் இல்லை.

திருப்பினேன்.

ஏறத் தொடங்கியதும் ஹீற்றர் சூடாகியது. நான் ஒன்றையும் தொடவில்லை. மேனுகா கையை அதில் வைத்து, குற்றமாக இல்லை, ஒரு தகவலாக:

"பாத்தீங்களா? அம்மாட்ட போறம் எண்டா வரும்."

உஷாந்தி பிள்ளையை உள்ளே விட்டுவிட்டு மறுபடி வெளியே வந்தாள். தோளில் சால்வை. நான் ஏமாற்றவில்லை, நீரே கை வைத்துப் பார்த்தீர் தானே என்றேன்.

"நான் உங்களைக் குற்றம் சொல்லேல்லை, ராகுலன். திருப்பிக் கொண்டுவந்தது நல்லது. ஆனா இனி காரில வேண்டாம்."

தனியே இறங்கும்போது, முதல் தடவையாக, ஹீற்றரைப் போட்டுப் பார்த்தேன். தலவாக்கலைக்கு முன்பே குளிர்.

பிள்ளை இல்லாமலும் குளிர்கிறது.

நவம்பர் 10, ஞாயிறு

பேலியகொடையில் ஏறி, கட்டுநாயக்க அதிவேகப் பாதையில் போனேன். வேகம் கூடக்கூட ஹீற்றர் ஆறியது. எஞ்சின் சூட்டைக் காட்டும் முள்ளும் மெல்லக் கீழே விழுந்தது. திரும்பிவந்து வத்தளை நெரிசலில் அகப்பட்டேன். முள் ஏறியது. காற்று சுட்டது.

ஏறும்போது எஞ்சின் உழைக்கிறது. இறங்கும்போது சும்மா உருள்கிறது. உழைத்த சூட்டைப் பிடித்துவைக்க ஏதோ ஒன்று இருக்கவேண்டும். அது இல்லை. கைநூலை இணையத்தில் தேடி வாசித்தேன். எஞ்சினிலிருந்து ரேடியேற்றருக்குத் தண்ணீர் போகும் வாயில் ஒரு வால்வு இருக்கிறது. தண்ணீர் போதிய அளவு சூடாகும்வரை அது மூடியிருக்கும். அது கெட்டால், அல்லது இல்லாவிட்டால், எஞ்சின் எப்போதும் ஆறியபடியே ஓடும்.

நான் நாலு வருடம் இலக்கியம் படித்தவன். மேனுகா சொன்னதை உவமையாக எடுத்துக்கொண்டேன். மூன்று கிழமைக்கு மேலாக அந்த வாக்கியத்தைச் சுமந்துகொண்டு திரிந்தேன். அவள் காரைப் பற்றிச் சொன்னாள்.

நவம்பர் 16, சனி

அந்த வால்வு கெட்டிருக்கலாம் என்று ஷிஹானிடம் சொன்னேன்.

"கெட்டிருக்காது."

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"அது இல்லியே. நான்தானே கழட்டினேன். காலி ரோட்ல ஒரு நாள் கொதிச்சி நிண்டுச்சே, அண்டைக்கி. நீங்க கேக்கல்ல. நானாத்தான் செஞ்சேன்."

கொழும்பில் கொதித்து நின்ற எந்தக் கார் வந்தாலும் முதலில் அதைக் கழற்றிவிடுவானாம். இந்த வெயிலுக்கும் நெரிசலுக்கும் அது சனியன். அது இருந்தால் என்றைக்காவது எஞ்சின் கொதிக்கும், சனம் தன்னைத்தான் ஏசும். எல்லா மெக்கானிக் பாஸ்மாரும் அப்படித்தான் என்றான். கொஞ்சம் பெருமையோடு.

திரும்பப் போடு என்றேன். மாட்டேன் என்றான். போட்டபின் கொதித்தால் நான் உன்னிடம் வரமாட்டேன் என்றேன். வேறு யாரிடம் போவீர்கள் என்றான். இந்த ஊரில் நான் கிழமைக்கு ஒருமுறை சத்தமாகக் கதைக்கிற ஒரே ஆள் இவனாக இருக்கலாம்.

கடைசியில் பஞ்சிகாவத்தைப் பழைய உதிரிப்பாகக் கடைகளில் தேடிப் பார்ப்பதாகச் சொன்னான்.

நவம்பர் 24, ஞாயிறு

ஹெவ்லொக் டவுன். வரவேற்பறை.

நான் நினைத்தபடியே. மாமி தேத்தண்ணீரோடு கேக்கும் வைத்தா. மாமா சத்தத்தைக் குறைத்தார். மேனுகா கொப்பி காட்டினாள், மூன்று நட்சத்திரம். நல்லது என்றேன். அவளும் நானும் எதிரெதிர்க் கதிரையில் இருந்தோம். காரில் பக்கத்தில் இருப்பவள். கதைப்பதற்கு முகம் பார்க்கவேண்டியதில்லை அங்கே.

"கார் சுகமாயிட்டுதா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

நவம்பர் 30, சனி

வால்வு போட்டாயிற்று. அதிவேகப் பாதையில் போய்வந்தேன். முள் நடுவில் நின்றது. அசையவில்லை. ஹீற்றரும் ஆறவில்லை.

உஷாந்திக்குக் குறுஞ்செய்தி அனுப்பினேன். பதில்: "இறங்கிக் காட்டுங்கோ."

டிசம்பர் 20, வெள்ளி

மேனுகாவைப் பக்கத்துக் குவாட்டர்ஸில் விட்டுவிட்டு, உஷாந்தி காரில் ஏறினாள். தலவாக்கலைவரை இறங்கி ஏறுவது என்று முடிவு. ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது, நாங்கள் இரண்டு பேர் மட்டும் மூடிய கதவுகளுக்குள் இருந்து.

அவள் உள்ளங்கையை ஹீற்றர் வாயில் வைத்தாள். எடுக்கவேயில்லை. வெளியே மூடுபனி. கண்ணாடி துலக்கமாக இருந்தது. வளைவுகளில் நான் மெதுவாகப் போனேன், தேவைக்கு அதிகமாக. மெதுவாகப் போனால் சோதனை பிழையாகிவிடும் என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

காலடியில் எதையோ குனிந்து எடுத்தாள். மேனுகாவின் காலுறை ஒன்று. மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

தலவாக்கலையில் நிறுத்தினேன்.

"சூடு நிக்குது" என்றாள்.

"ஓம்."

"எனக்கு ஜனவரியிலயிருந்து களுபோவில ஆஸ்பத்திரிக்கு மாற்றம் கிடைச்சிருக்கு. அம்மாவையளோட இருக்கப்போறம்."

நல்லதுதானே என்றேன். உண்மையிலேயே நல்லதுதான். இனி ஒவ்வொரு ஞாயிறும் கூட்டிப்போகலாம் என்றாள், காலமையிலிருந்து ஆறு மணிவரை. மாதம் ஒன்று இல்லை, கிழமைக்கு ஒன்று. வேறென்ன வேண்டும் எனக்கு?

"உமக்கு முதலே தெரியுமா? ஹீற்றரைத் திருத்தச் சொல்லேக்க?"

"போன கிழமைதான் கடிதம் வந்தது." பிறகு, வெளியே பார்த்துக்கொண்டு, "நீங்கள் அவ்வளவு பாடுபட்டுத் திருத்திப்போட்டீங்கள். பாக்காமல் எப்பிடிச் சொல்லுறது?"

திரும்பும்போது ஏற்றம். ஏற்றத்தில் அது எப்போதும் சூடுதான்.

பின்னேரம் மேனுகாவோடு இறங்கினேன். எவ்வளவோ கதைக்கவேண்டும் என்று நினைத்திருந்தேன். அவள் தலவாக்கலையில் நித்திரையானவள் அவிசாவளையில்தான் எழும்பினாள். வாய் திறந்தபடி. மூச்சில் விசில் இல்லை. நான் ஒரு இடத்திலும் நிறுத்தவில்லை.

டிசம்பர் 22, ஞாயிறு

கடைசித் தடவையாக மேனுகாவை மேலே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். தனியே இறங்கும்போதும் ஹீற்றரைப் போட்டிருந்தேன்.

ஜனவரி 12, ஞாயிறு

காலமை ஹெவ்லொக் டவுன். மேனுகா கேற்றில் நின்றாள், தொப்பியோடு. உஷாந்தி மேல் ஜன்னலிலிருந்து கை காட்டினாள்.

பாதை வெறுமை. வானொலியில் ஒரு பாட்டு முடிவதற்குள் வெள்ளவத்தை வந்துவிட்டது. அவள் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கிய கதை பாதியில் நின்றது. அனெக்ஸ் ஒழுங்கைக்குத் திரும்ப சிக்னல் போட்டேன்.

அவள் ஹீற்றரைத் திருகி, கையை வைத்துப் பார்த்தாள்.

"சூடு வரேல்லை அப்பா. திரும்பவும் பழுதாப் போச்சு."

"பழுதில்லை, மேனு. எஞ்சின் சூடாகக் கொஞ்ச நேரம் எடுக்கும். அதுக்குள்ள வீடு வந்திட்டுது."

யோசித்தாள்.

"அப்ப வீட்டை போகவேண்டாம்."

சிக்னலை நிறுத்தினேன். மெரின் டிரைவில் இறங்கி வடக்கே திரும்பினேன். பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி. இடதுபக்கம் கடல், ஒரு ரயில். கதை விட்ட இடத்திலிருந்து தொடங்கியது: புதுப் பள்ளிக்கூடத்தில் யாரோ ஒருத்தி இவளுடைய அழிறப்பரைக் கடித்துவிட்டாளாம். காலிமுகத்திடலில் காற்று சுடத் தொடங்கியது. அவள் இரண்டு கைகளையும் அதில் பிடித்துக்கொண்டாள்.

கொட்டாஞ்சேனைவரை போனோம். ஷிஹானின் கராஜ் ஞாயிறு பூட்டு. அதன் வாசலில் திருப்பினேன். வெளியே நல்ல வெயில். என் சேட் முதுகில் ஒட்டியிருந்தது. மேனுகாவின் மூக்கு நுனியில் வேர்வை.

கண்ணாடியைத் திறக்கட்டோ என்று கேட்டேன்.

"வேண்டாம். இன்னும் கொஞ்சம் போவம்."